கிளிநொச்சியில் இருந்தபடியே டிஜிட்டல் தடயவியல் ஆய்வை முடிப்பது எப்படி?

கேள்வி நீளமாக இருந்தது. மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று சுருக்கிச் சொல்கிறேன். கேட்டவர் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவர். வார இறுதிகளில் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்து முதுமாணிப் பாடங்களையெல்லாம் முடித்துவிட்டார். டிஜிட்டல் தடயவியலில், அதாவது கணினியிலும் போனிலும் சான்று தேடும் துறையில், எழுதும் ஆய்வேடு மட்டும் ஒன்றரை வருடமாக இழுபடுகிறது. தலைப்பு, ‘செயற்கை நுண்ணறிவின் துணையுடன் சமூக ஊடகச் செயலிகளின் தடயங்களை ஆராய்வதற்கான ஒரு சட்டகம்’. கையில் இருப்பது 6 மாதம், 8 ஜி.பி. ராம் உள்ள ஒரு லப்டொப், ஒரு பழைய போன். ஆய்வுகூடம் இல்லை, செலிபிரைட், என்கேஸ் போன்ற, காசுக்கு வாங்கும் தடயவியல் கருவிகளும் இல்லை. வன்னியில் இருந்துகொண்டு இதை முடிக்கலாமா, ரைட் புளொக்கர் (வட்டை வாசிக்கும்போது அதில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) ஒன்று வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

முடிக்கலாம், தங்கச்சி. ஆனால் இந்தத் தலைப்போடு முடியாது. உங்கள் ஒன்றரை வருடத்தைத் தின்றது கிளிநொச்சியும் இல்லை, லப்டொப்பும் இல்லை. தலைப்புத்தான்.

அந்தத் தலைப்பைப் பிரித்துப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவு என்றால் பயிற்றுவிக்கத் தரவு வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றுக்கும் இது இன்னது என்று பெயர் குத்தி. சமூக ஊடகச் செயலிகள் என்றால் எத்தனை? வட்ஸ்அப், வைபர், இமோ, பேஸ்புக், டிக்டொக் என்று போகும். ஒவ்வொன்றும் சில மாதங்களுக்கொருமுறை உள்ளே தன் தரவுத்தள அமைப்பை மாற்றிக்கொள்ளும். சட்டகம் என்பதோ எல்லாவற்றையும் விட ஆபத்தான சொல். 2001இல் அமெரிக்காவின் உட்டிகா நகரில் கூடிய முதல் டி.எப்.ஆர்.டபிள்யூ.எஸ். (டிஜிட்டல் தடயவியல் ஆய்வு) பட்டறை, அடையாளம் காணல், பாதுகாத்தல், சேகரித்தல், பரிசோதித்தல், பகுத்தாய்தல், முன்வைத்தல் என்று ஒரு வரிசை போட்டுக் கொடுத்தது. அதற்குப் பிறகு வந்த சட்டகங்களில் பெரும்பாலானவை அந்தப் பெட்டிகளையே இடம் மாற்றி, அம்புக்குறி கூட்டிக் குறைத்தவை. இன்னுமொரு படம் கீறிக்கொண்டு போனால் பரீட்சகர் கேட்கப்போகும் முதற்கேள்வி, ‘இது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்?’ அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

முதுமாணி ஆய்வுக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்வி. அதன் விடை ஒரு எண்ணாகவோ, ஆம் இல்லை என்றோ வரவேண்டும். அதைவிட முக்கியம், வவுனியாவில் இன்னொருவர் தன் கணினியில் நீங்கள் எழுதியபடி செய்தால் அதே விடை அவருக்கும் வரவேண்டும். இந்தத் துறையில் திரும்பச் செய்து பார்க்க முடியாத ஒன்றுக்கு மதிப்பு இல்லை; நீதிமன்றத்திலும் இல்லை, வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையிலும் இல்லை.

அதற்கு இருக்கும் மிகச் சுலபமான வழி, ஒளித்துப் பிடித்து விளையாடுவதுபோல. பொருட்களை நீங்களே ஒளித்து வையுங்கள். எங்கே, எத்தனை, எப்போது ஒளித்தீர்கள் என்று ஒரு அட்டவணையில் எழுதி வையுங்கள். பிறகு கருவியைத் தேடவிட்டு, எத்தனையைக் கண்டது, எத்தனையைத் தவறவிட்டது, இல்லாததை இருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னது என்று எண்ணுங்கள். உண்மை உங்கள் அட்டவணையில் இருப்பதால் யாருடைய உதவியும் இல்லாமல் கருவியைச் சோதிக்கலாம். அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் தடயவியல் கருவிகளைப் பரிசோதிப்பதும் அடிப்படையில் இப்படித்தான். அவர்கள் இலவசமாக வெளியிட்டிருக்கும் பயிற்சி வட்டுப்படிமங்களில் (ஒரு வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாக்கிய பிரதி) ஒன்று ரஷ்ய எழுத்துச் சொற்களைத் தேடிப் பழகுவதற்கென்றே செய்தது. அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தோன்றியதைத்தான் உங்களுக்குத் தலைப்பாகத் தரப்போகிறேன்: அதே வேலையைத் தமிழுக்குச் செய்யுங்கள்.

இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஒரு சொல்லை எடுத்துப் பாருங்கள், ‘குளம்’. வன்னியில் கடிதமோ குறுஞ்செய்தியோ எது எழுதினாலும் வந்து விழுகிற சொல். போனில் யூனிகோட்டில் (உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக்குறி முறை) அடித்தால் க, உகரக் குறி, ள, ம, புள்ளி என்று 5 குறிகள். அதைச் சேமிக்கும் யூ.டி.எப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 15 பைட். அதே சொல் விண்டோஸில் ஒரு கோப்பின் பெயராக இருந்தால் யூ.டி.எப்-16 என்ற இன்னொரு முறையில் 10 பைட். இனி, 2004இல் யாரோ ஒரு எழுதுவினைஞர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைக் காட்டுவது) அடித்து வைத்த கடிதத்தில் அதே குளம் எப்படிக் கிடக்கும் தெரியுமா? ஆங்கிலப் பெரிய எப், சின்ன எஸ், சின்ன கே, ஒரு அரைப்புள்ளி. வெறும் 4 எழுத்துக்குறி. திரையில் மூன்றும் ஒரே குளம். வட்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று பைட் வரிசைகள். கருவியில் ‘குளம்’ என்று யூனிகோட்டில் அடித்துத் தேடுகிறவருக்குப் பாமினிக் கடிதம் ஒருநாளும் அகப்படாது.

பாமினியில் இன்னும் வேடிக்கைகள் இருக்கின்றன. அதில் சின்ன எப் என்றால் க, பெரிய எப் என்றால் கு. தேடும்போது பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பார்க்காதே என்பதுதான் பல தேடற்பெட்டிகளின் வழக்கமான அமைப்பு. அப்படித் தேடினால் குளமும் களமும் ஒன்றாகிவிடும். ஒரு வழக்கில் இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள். புள்ளிக்கு அரைப்புள்ளி, இகரத்துக்குக் காற்புள்ளி. ஆகவே பாமினியில் ‘இரணைமடு’ ஒரு காற்புள்ளியோடு தொடங்கும். சொற்களை அட்டவணைப்படுத்தித் தேடும் கருவிகள் பொதுவாகக் காற்புள்ளி, அரைப்புள்ளி கண்ட இடத்தில் சொல் முடிந்தது என்று வெட்டிவிடும். அதனால் சொல் துண்டு துண்டாக அட்டவணைக்குள் போகும். லினக்ஸில் எல்லோரும் முதலில் கைவைக்கும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை (கோப்புக்குள் இருக்கும் எழுத்துகளைப் பொறுக்கித் தருவது) எந்த மாற்றமும் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அது 7 பிட் எழுத்துகளை, அதாவது ஆங்கில எழுத்து, எண், குறிகளைத்தான் தேடும். பாமினிக் கடிதம் புரியாத ஆங்கிலக் குப்பையாக வந்து கொட்டும். யூனிகோட் தமிழ் ஒரு எழுத்துக்கூட வராது. பழையது தெரிகிறது, புதியது மறைகிறது!

யூனிகோட் மட்டும் இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. உங்கள் ஊரின் பெயரையே எடுங்கள். கிளிநொச்சியில் வரும் ‘நொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். நகரத்தோடு ஒகரக் குறி ஒன்றைப் போடலாம். அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம், கருவி முதலில் அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால். கொண்டுவராவிட்டால் ஒரு கிளிநொச்சி அகப்படும், மற்றது தப்பும். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் என்று முல்லைத்தீவுப் பக்கம் போனாலும் இதே கதைதான்.

அப்புறம் வேற்றுமை. ஆங்கிலத்தில் சொல்லின் பின்னால் ஒரு எழுத்து ஒட்டும், அவ்வளவுதான். நாங்கள் ‘குளத்தடியில் நிற்கிறேன்’ என்று எழுதுவோம். அதில் ‘குளம்’ என்ற சொல் இல்லவே இல்லை, மகரமெய் போய்விட்டது. சரி, ‘குள’ என்று வெட்டித் தேடலாம் என்றால் குளத்தடியோடு குளவியும் வரும், குளறுபடியும் வரும். குளிரும் வரும், ஏனென்றால் பைட் கணக்கில் ‘ளி’ என்பது ளகரத்துக்குப் பிறகு வரும் ஒரு குறி மட்டுமே. தப்பவிடுவதைக் குறைத்தால் பொய்யாகப் பிடிப்பது கூடும். ஆங்கில ஆய்வுக்கட்டுரைகளில் சூத்திரத்தோடு பார்த்துக் குழம்பியிருப்பீர்களே, துல்லியமும் (பிடித்ததில் எவ்வளவு சரி) மீட்பும் (இருந்ததில் எவ்வளவு பிடித்தது) என்று இரண்டு அளவுகள்? அவை இந்தக் குளவிதான்.

இதை ஆய்வாக்குவது இப்படி. 40 சொற்களைத் தெரிவு செய்யுங்கள். ஊர்ப் பெயர், காசு, வாகனம், உறவு, நாள் என்று கலந்து இருக்கட்டும். ஒவ்வொன்றையும் 6 வடிவத்தில் வையுங்கள்: யூ.டி.எப்-8 உரைக்கோப்பு, யூ.டி.எப்-16 உரைக்கோப்பு, புதிய வேர்ட் கோப்பு, பாமினியில் அடித்த பழைய வேர்ட் கோப்பு, ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளம் (போன் செயலிகள் செய்திகளைச் சேமிக்கும் வகை), அழித்துவிட்ட ஒரு கோப்பு. மொத்தம் 240 இடம். புதிய வேர்ட் கோப்பு உண்மையில் சிப் செய்த ஒரு பொட்டலம் என்பதால், அவிழ்க்காமல் பைட் தேடினால் எந்த மொழியிலும் ஒன்றும் வராது. அது உங்களுக்கு நல்ல ஒப்பீடு. இவற்றை 2 ஜி.பி. அளவுள்ள ஒரு வட்டுப்படிமத்துக்குள் போடுங்கள். வெளியே எந்த வட்டும் தேவையில்லை, லப்டொப்புக்குள்ளேயே ஒரு கோப்பாக உருவாக்கலாம். பிறகு ஓட்டொப்சி, ஸ்லூத் கிட் என்ற தடயவியல் மென்பொருட்கள், கிரெப் என்ற சாதாரணத் தேடற்கட்டளை என்று மூன்றை மட்டும் ஓட்டுங்கள். மூன்றும் இலவசம். நேரம் மிஞ்சினால், தேடும் சொல்லைத் தந்தால் அதன் எல்லா வடிவங்களையும் உண்டாக்கித் தரும் ஒரு சின்னப் பைதன் நிரலை எழுதி, அதோடு எண்ணிக்கை எவ்வளவு கூடுகிறது என்று காட்டுங்கள். அந்த நிரல் 150 வரிக்கு மேல் போகாது. ஆனால் அதுதான் உங்கள் பங்களிப்பு என்று ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் எழுதக்கூடியது.

கவனித்தீர்களோ தெரியாது, இதைக் கொழும்பில் பெரிய ஆய்வுகூடத்தில் இருக்கிறவரை விட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள். பாமினிக் கடிதத்தைத் தட்டச்சுக் கடை மேசையில் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். ‘எப்பிடி’ என்பதை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக உங்கள் மாணவர்கள் அடிக்கிறார்கள் என்றும் உங்களுக்குத் தெரியும். (அதை மட்டும் இந்த ஆய்வுக்குள் கொண்டுவராதீர்கள். அது இன்னொரு முதுமாணி.)

இது பிடிக்கவில்லை என்றால் இரண்டாவதாக ஒன்று சொல்கிறேன், நேரம் பற்றியது. இலங்கையின் கடிகாரம் 1996 மே மாதத்தில் ஒரு மணித்தியாலம் முன்னே போய், சர்வதேச நேரத்துக்கு ஆறரை மணித்தியாலம் முந்தியதாகியது. அதே வருடம் ஒக்டோபரில் 6 மணித்தியாலமாகக் குறைந்தது. 2006 ஏப்ரல் நடுவில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. இந்த மாற்றத்தைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி ஏற்கவில்லை. இங்கே ஐந்தரையே தொடர்ந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கடிகாரத்தை அரை மணித்தியாலம் திருப்பிய காலம் உங்கள் அம்மா அப்பாவுக்கு நினைவிருக்கும்.

இது ஏன் தடயவியல் கேள்வி? ஒரு கமராவின் மெமரி கார்ட் எவ்.ஏ.டி. என்ற கோப்பமைப்பு முறையில் இருந்தால் அதில் பதிவாவது கமராக் கடிகாரம் காட்டும் உள்ளூர் நேரம், நேரவலயம் எதுவும் பதிவாகாது. படத்துக்குள் இருக்கும் எக்ஸிப் (எடுத்த நேரம், கமரா போன்ற விபரம்) தகவலிலும் அந்தக் காலத்தில் வலயத்துக்கு இடமே இருக்கவில்லை. அது 2016இல்தான் தரத்துக்குள் வந்தது. விண்டோஸின் என்.டி.எப்.எஸ். முறையில் உள்ள வட்டு சர்வதேச நேரத்தைச் சேமிக்கும். கருவி அதை உள்ளூர் நேரமாக்கிக் காட்டும். ‘ஏசியா/கொழும்பு’ என்று தெரிவு செய்தால் 2004ஆம் ஆண்டுக் கோப்புக்கு 6 மணித்தியாலம் கூட்டும். கொழும்புக்கு அது சரி. பரந்தனில் அன்றைக்கு எல்லோருடைய கையிலும் இருந்த நேரத்துக்கு அது அரை மணித்தியாலம் பிழை. எந்தெந்தக் கருவி இந்த மாற்றங்களைச் சரியாகக் கையாளுகிறது, எது எல்லா வருடத்துக்கும் இன்றைய ஐந்தரையையே கூட்டிவிடுகிறது என்று சோதிப்பது அழகான, சின்ன, முடிக்கக்கூடிய ஆய்வு. ஆனால் இதற்கென்று பழைய வட்டுகளைத் தேடி வீடு வீடாகப் போகவேண்டாம். கணினியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்து நீங்களே கோப்புகளை உண்டாக்குங்கள். அதில்தான் உண்மை நேரம் உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்கு ஆசை போன் ஆய்வில்தான் என்று தெரிகிறது. அதில் இறங்குமுன் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். ரூட் செய்யாத, அதாவது முழு நிர்வாக அனுமதி பெறாத, ஆன்ட்ரொய்ட் போனில் செயலிகளின் அந்தரங்கக் கோப்புறைக்குள் உங்களால் நுழைய முடியாது. ஆன்ட்ரொய்ட் 10உடன் வெளிவந்த போன்களிலிருந்து சேமிப்பகக் குறியாக்கம் கட்டாயம். சிப்பைக் கழற்றி வாசித்தாலும் பயன் இல்லை. கணினியில் போன்போல ஓடும் ஆன்ட்ரொய்ட் எமுலேற்றரில், பிளே ஸ்டோர் இல்லாத படிமத்தை எடுத்தால் ரூட் அனுமதி கிடைக்கும். அதில் ஒரு செயலியை, ஒரே ஒரு பதிப்பை மட்டும் நிறுவி, அழித்த செய்தி எவ்வளவு காலம் தங்குகிறது என்று பார்க்கலாம். ஆனால் 8 ஜி.பி. ராமில் எமுலேற்றர் ஓடும்போது லப்டொப் மூச்சு வாங்கும். உங்கள் இடத்தில் நானென்றால் தமிழ்த் தேடலைத்தான் எடுப்பேன்.

என்னுடைய ஆய்வு இந்த அழித்த செய்தி விஷயம்தான், அதனால் பட்ட அடியையும் சொல்கிறேன். எஸ்கியூலைட்டில் ஒரு செய்தியை அழித்தால் அது உடனே துடைக்கப்படுவதில்லை. அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். அதோடு பிரதான கோப்புக்குப் பக்கத்திலேயே, பெயரின் முடிவில் டபிள்யூ, ஏ, எல் என்ற மூன்று எழுத்தோடு இன்னொரு கோப்பு இருக்கும். நாங்கள் அதை வால் என்போம். உண்மையிலேயே வால்தான். புதிய மாற்றங்கள் முதலில் அதில் எழுதப்பட்டு, வழக்கமாக 1000 பக்கம் சேர்ந்த பிறகே பிரதான கோப்புக்குள் போகும். அதனால் வாலுக்குள் பழைய செய்திகளின் பல பிரதிகள் கிடைக்கும், எங்களுக்குப் புதையல்.

இரண்டு போன்களுக்கிடையே மூன்று நாள் இருந்து செய்தி அனுப்பி, திட்டப்படி அழித்து, தரவுத்தளத்தையும் வாலையும் பிரதி எடுத்து, ஹேஷ் (கோப்பில் ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் கைரேகை எண்) போட்டு வைத்தேன். அன்றிரவு, சரியாக வந்திருக்கிறதா என்று ஒருக்கால் பார்ப்போமே என்று எஸ்கியூலைட் உலாவி ஒன்றில் திறந்தேன். பார்த்தேன், மூடினேன், படுத்தேன். கடைசித் தொடர்பு மூடும்போது வாலில் இருந்ததைப் பிரதான கோப்போடு சேர்த்துவிட்டு வாலை அழித்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து ஷா-256 ஹேஷைத் திரும்பப் போட்டபோதுதான் முன்பு எழுதி வைத்ததோடு ஒத்துவரவில்லை. மூலம் என்று நான் வைத்திருந்தது மூலமே இல்லை. ஒரு மாதப் பகுப்பாய்வு குப்பைக்குப் போனது. மூன்று நாள் வேலையைத் திரும்பச் செய்தேன், இந்த முறை மூலக் கோப்புறையை வாசிக்க மட்டும் என்று பூட்டி, பென் டிரைவில் இரண்டாவது பிரதி வைத்து, ஒவ்வொரு நாளும் திகதியிட்ட புதுப் பிரதியில் வேலை செய்தேன். இந்தக் கூத்து ஆய்வேட்டில் ஒரு பக்கமாக எழுதப்பட்டது. வைவாவில் பரீட்சகர் அதிகம் கேட்டது அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

ஆகவே நாட்குறிப்பு. ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். என்ன கட்டளை, எந்தப் பதிப்பு, எத்தனை மணிக்கு, என்ன ஹேஷ், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது. தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதப்போனால் களைத்த இரவில் பாதியை விட்டுவிடுவீர்கள். ஆய்வேட்டுக்கு மாற்றுவது பிறகு பார்க்கலாம். என் செய்முறை அத்தியாயத்தில் முக்கால்வாசி அந்தக் கொப்பியிலிருந்து வந்தது.

மற்றவர்களின் போன் பற்றி. பழைய போன் கடைகளில் பாவித்த மெமரி கார்டுகளை வாங்கி, அதில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் ஆய்வுகள் வேறு நாடுகளில் நடந்திருக்கின்றன. உங்களுக்கும் யாரும் அந்த யோசனையைச் சொல்லலாம். இங்கே செய்யாதீர்கள். வன்னியில் ஒரு பழைய கார்டில் என்ன இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காணாமற்போன ஒரு பிள்ளையின் ஒரேயொரு படம் ஒரு தாயின் போனில் மட்டும் இருக்கிறது என்பது இங்கே கதை இல்லை. அதை உங்கள் அட்டவணையில் ‘மீட்கப்பட்ட கோப்பு 17’ என்று போடமுடியாது. பொலிசில் தெரிந்தவர் ஒரு வழக்குப் போனைப் பார்க்கத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களால் அந்த வழக்கே கெடலாம். நீங்களே உண்டாக்கிய தரவு என்றால் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் இலகுவாகும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி யாரும் கேட்டால் பதிலும் ஒரு வரியில் முடியும்.

சட்டம் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதும் பழக்கம் எங்கள் மாணவர்களிடம் இருக்கிறது. இரண்டு பக்கம் போதும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். சான்று விடயத்தில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமும் இருக்கின்றன. பின்னையதன் 22ஆம் பிரிவு, தனக்குள் அடங்கும் ஆவணங்களுக்கு முன்னையது பொருந்தாது என்கிறது. பலர் இதைப் பார்க்காமல் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். அந்தப் பிரிவை நீங்களே எடுத்து வாசியுங்கள்.

நேரக் கணக்குக்கு வருவோம். உங்களுக்குப் பாடசாலை இருக்கிறது, விடைத்தாள் இருக்கிறது, வீடு இருக்கிறது. கிழமைக்கு 10 மணித்தியாலத்துக்கு மேல் கிடைக்காது என்றே வையுங்கள். முதல் இரண்டு கிழமைக்குள் தலைப்பை முடிவு செய்யுங்கள். படிமம் தயாரிக்க ஒரு மாதம். சோதனைக்கு ஆறு, ஏழு கிழமை. மிச்சம் முழுவதும் எழுத. எழுதுவது எப்போதும் நினைத்ததைவிட இரண்டு மடங்கு எடுக்கும், ஆங்கிலம் எங்களுக்கு இரண்டாம் மொழி என்பதால் இன்னும் கூட. செய்முறை அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள், பிறகு முடிவுகள். முன்னோர் ஆய்வுகள் பற்றிய அத்தியாயத்தை அதற்குப் பிறகு எழுதினால் எதை வாசிக்கவேண்டும், எதை விடலாம் என்று தெரியும். முதலில் அதைத் தொடங்கியவர்கள் அதற்குள்ளேயே தாண்டு போனதைப் பார்த்திருக்கிறேன்.

மேற்பார்வையாளர் பதில் போடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினீர்கள், அது நாலு பக்கம்! அவரும் மனிதர்தானே. அரைப் பக்கம் அனுப்புங்கள். பழைய தலைப்பை ஏன் சுருக்குகிறேன், புதிய கேள்வி இது, இப்படி அளப்பேன், இது சரியா? ஆம் இல்லை என்று அவர் போனிலேயே பதில் போடக்கூடியதாக இருக்கட்டும். தலைப்பை மாற்றப் பல்கலைக்கழகத்தில் படிவம் ஏதும் வேண்டுமா என்றும் அதிலேயே கேளுங்கள். பல இடங்களில் சுருக்குவதற்குப் பெரிய தடை இருக்காது. முற்றாக மாற்றுவதற்குத்தான் குழு கூடவேண்டி வரும். ‘சமூக ஊடகச் செயலிகள்’ என்பதை ‘தமிழ் உரைச் சான்றுகள்’ என்று சுருக்கினேன் என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக அந்த ரைட் புளொக்கர். இன்னொருவரின் வட்டைக் கையில் எடுக்கிறவருக்கு அது கட்டாயம் வேண்டும். உங்களிடம் இருக்கப்போவது நீங்களே உண்டாக்கிய 2 ஜி.பி. கோப்பு. அதை வாசிக்க மட்டும் என்று பூட்டி, முன்னும் பின்னும் ஹேஷ் போட்டுக் காட்டினால் போதும். பெரிய வட்டுகளோடு மல்லுக்கட்டவும் தேவையில்லை. 1 டி.பி. வட்டை யூ.எஸ்.பி. 2 வழியாக, செக்கனுக்கு 30 எம்.பி. வீதம் படிமம் எடுக்க 9 மணித்தியாலத்துக்கு மேல் போகும். எங்கள் பக்கம் மழை நாளில் அவ்வளவு நேரம் கரண்ட் நிற்கும் என்று நம்பி உட்கார முடியாது. 32 ஜி.பி. பென் டிரைவ் என்றால் அதே வேகத்தில் 20 நிமிடத்துக்குள் முடியும். புளொக்கருக்கு ஒதுக்கிய காசு இருந்தால் லப்டொப்புக்கு ஒரு புது பற்றரி போடுங்கள், ரவுட்டருக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்குங்கள். மிச்சத்துக்கு இரண்டு பென் டிரைவ். ஒன்றை வீட்டில் வையுங்கள், மற்றதைப் பாடசாலை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டுங்கள்.